தனி ஊசல் தேர்வு முடிந்து லேப் வாசலில் கேட்கிற கேள்விகள்

பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறைத் தேர்வு நடக்கும் நாட்களில் லேப் வாசலில் ஒரு பேட்ச் வெளியே வரும், அடுத்த பேட்ச் உள்ளே போகும். வெளியே வருகிறவர்கள் செருப்பை மாட்டுவதற்கு முன்பே கேட்கிற முதல் கேள்வி: “உனக்கு எவ்ளோடா வந்துச்சு?” தனி ஊசலோ சுருள்வில்லோ வந்திருந்தால் இந்த விசாரணை கூடுதல் சூடாக நடக்கும். சூத்திரமும் வாட்சும் எல்லாருக்கும் ஒன்றுதான், விடை மட்டும் ஆளுக்கொன்று. பல வருடமாக அந்த வாசலில் நின்று பதில் சொல்லிக் களைத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன்.

சோதனை தெரியாமல் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுகிறோம். 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து, அதை 20-ஆல் வகுத்தால் அலைவு நேரம் டி கிடைக்கும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஐந்து தடவை இப்படிச் செய்து, புவியீர்ப்பு முடுக்கம் ஜி-யைக் கணக்கிடுகிறோம். சூத்திரம், பிள்ளைகள் வாயால் சொல்கிறபடி, “ஃபோர் பை ஸ்கொயர் எல் பை டி ஸ்கொயர்”. எல் என்பது ஊசலின் நீளம், விடை மீட்டர்/வினாடி² அலகில். முதல் பை கிரேக்க எழுத்து, இரண்டாவது பை வகுத்தல். வாய்மொழித் தேர்வான வைவாவில் இதை வேகமாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சார், எனக்கு 9.6, அவனுக்கு 9.9. யாரு கரெக்ட்?

இரண்டு பேரும். நிஜமாகவே.

கையால் அழுத்துகிற வாட்ச் இது. குண்டு நடுவே வரும் நொடியைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கட்டைவிரல் அழுத்துவதற்குள் சற்று முந்தியோ பிந்தியோ போகும். தொடங்கும்போது ஒரு பிசகு, நிறுத்தும்போது ஒரு பிசகு, மொத்தம் 0.2 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 செ.மீ. ஊசலில் 20 அலைவுக்கு ஏறக்குறைய 40.18 வினாடி ஆகும். அதில் 0.2 என்பது அரை சதவீதம். சூத்திரத்தில் டி வர்க்கமாக வருவதால் ஜி-யில் அது ஒரு சதவீதமாகிவிடும், அதாவது 0.1. நீளத்தில் ஒரு செ.மீ. பிசகினால் இன்னொரு 0.1. ஆக 9.6-ல் இருந்து 9.9 வரைக்கும் எது வந்தாலும் நான் புருவத்தைக் கூட உயர்த்த மாட்டேன்.

வாட்ச் 0.01 வினாடி வரை காட்டுகிறதே என்று கேட்பீர்கள். காட்டும். உங்கள் கட்டைவிரல் காட்டாது.

அப்போ எதை வெச்சு ஒப்பிடறது? நேரத்தையா?

நேரத்தை ஒப்பிட்டால் வீண் சண்டைதான் வரும். உங்களுக்கு 60, 70, 80 என்று நீளம் கொடுத்திருப்பார்கள், பக்கத்து மேசைக்கு 50, 65, 80. அவனுக்கு 28.41, உங்களுக்கு 31.13 என்றால் இரண்டும் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் அவன் ஊசல் 50 செ.மீ., உங்களுடையது 60.

ஒப்பிட வேண்டியது ஒவ்வொரு வரிசையிலும் வரும் எல் பை டி ஸ்கொயர். நீளம் மீட்டரில் இருந்தால் அது எல்லாருக்கும், எல்லா நீளத்துக்கும், 0.248-ஐ ஒட்டி வர வேண்டும். செ.மீ.யில் என்றால் 24.8. நாலு பேர் சேர்ந்து நின்று அந்த நெடுவரிசையை மட்டும் படித்துப் பாருங்கள். யாருடைய எண் விலகுகிறது, எந்த வரிசையில் விலகுகிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசி விடையில் சராசரி எடுத்திருப்பதால் தப்பு எல்லாம் அதற்குள் கரைந்துபோயிருக்கும். வரிசை வரிசையாகப் பார்த்தால் அது ஒளிய முடியாது.

எனக்கு 10.84 வந்திருக்கு சார். ஃபெயிலா?

இந்த எண்ணைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் இது என் சொந்த எண். நான் படித்தபோது இதே சோதனையில், ஏறக்குறைய இதே விடையோடுதான் வெளியே வந்தேன். வெளியே வந்து பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து மனதுக்குள் ஆட்டிப் பார்த்தபோதுதான் எங்கே விட்டேன் என்று புரிந்தது.

வாட்சை அழுத்தும்போது வாய் “ஒண்ணு” என்று சொல்லிவிடுகிறது. அந்த நொடியில் ஒரு அலைவும் முடிந்திருக்கவில்லை. “இருவது” என்று நிறுத்தும்போது உண்மையில் நடந்தது 19 அலைவு. 100 செ.மீ. ஊசலுக்கு 40.18-க்குப் பதில் 38.17 வினாடி பதிவாகும். அதை 20-ஆல் வகுத்தால் டி 1.909, ஜி 10.84. பத்தே அலைவு எண்ணும் வழக்கமுள்ள பள்ளியில் இதே தப்பு 12.07 தரும். எண்ணிக்கை குறையக் குறைய ஒரு அலைவின் தப்பு பெரிதாகும், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து பழைய மருந்து. குண்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே “மூணு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம்” என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, பூஜ்யத்தில் வாட்சை அழுத்துங்கள். அதே தாளத்தில் ஒண்ணு, ரெண்டு என்று போகலாம். தாளம் பிடிபட்டுவிட்டால் கட்டைவிரலின் தாமதமும் குறையும். மிருதங்கம் படிக்கிற மாணவி ஒருத்திக்கு ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு முயற்சிக்கும் நடுவே 0.05 வினாடிக்கு மேல் வித்தியாசமே வராது.

ஃபெயிலா என்ற கேள்விக்கு: இல்லை. மதிப்பெண் சூத்திரம், அளவீடு, கணக்கீடு, அலகோடு விடை என்று பிரித்துத்தான் போடப்படுகிறது. பட்டியலும் கணக்கும் ஒழுங்காக இருந்தால் 10.84 உங்களைக் கவிழ்த்துவிடாது.

எனக்கு 39 வந்துச்சு. அடிச்சுட்டேன், திருப்பிப் பண்ண டைம் இல்ல.

அடித்தது பாவம். 39 என்பது நம் ஊர் ஜி-யான 9.78-ன் நான்கு மடங்கு. ஒரு பக்கம் போனதை ஒரு அலைவு என்று எண்ணியிருக்கிறீர்கள். குண்டு நடுவில் தொடங்கி, வலது ஓரம் போய், நடுவைக் கடந்து, இடது ஓரம் போய், அதே திசையில் மறுபடி நடுவுக்கு வந்தால்தான் ஒன்று. பாதியை முழுசு என்று எண்ணினால் டி பாதியாகும், ஜி நாலு மடங்காகும். இது தெரிந்திருந்தால் ஆட்டவே வேண்டாம், டி நெடுவரிசையை மட்டும் இரண்டால் பெருக்கி, காரணத்தையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

19.6 வந்தவர்கள் டி-யை வர்க்கம் எடுக்க மறந்தவர்கள், அதுவும் நீளம் ஒரு மீட்டராக இருந்தபோது. 978 வந்தவர்கள் பயப்பட வேண்டாம். செ.மீ.யிலேயே போயிருக்கிறீர்கள், அலகை மட்டும் சரியாக எழுதியிருந்தால் போதும்.

3.53 எப்படி சார் வரும்? எண்ணினதும் சரி, நீளமும் சரி.

ஒரு வருடம் ஒரு மாணவன் இந்த விடையோடு வந்தான். நண்பர்கள் அதற்குள் அவனுக்குச் “செவ்வாய்” என்று பட்டம் கட்டிவிட்டார்கள். செவ்வாய் கிரகத்தில் ஜி 3.7 என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. பையன் அழுகிற நிலையில் இருந்தான். சந்தேகம் வந்து கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். 100 செ.மீ. நீளத்துக்கு 30 அலைவு எடுத்திருக்கிறான். நேரம் 100.27 வினாடி என்று எழுதியிருக்கிறான்.

வாட்சில் என்ன இருந்தது என்று கேட்டேன். “ஒண்ணு, புள்ளி புள்ளி, பூஜ்யம் பூஜ்யம், அப்புறம் சின்னதா 27” என்றான். அதாவது 1 நிமிடம் 00 வினாடி 27. மொத்தம் 60.27 வினாடி. அதை 100.27 என்று படித்துவிட்டான். 60.27-ஐ 30-ஆல் வகுத்தால் 2.009, ஜி 9.78. பாடப்புத்தகம் போல ஆட்டியிருக்கிறான் பாவம், அன்று அந்த அறையிலேயே சிறந்த ரீடிங் அவனுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு நிமிடத்தைத் தாண்டும் ரீடிங் எல்லாவற்றிலும் இந்தக் கண்ணி உண்டு. அதனால்தான் ஒரு மீட்டர் ஊசலுக்கு 20 போதும் என்கிறேன், 40 வினாடியோடு முடிந்துவிடும்.

புக்ல 9.81ன்னு இருக்கு, சிலது 9.8. எது உண்மை?

9.80665 என்பது 1901-ல் உலக அளவில் ஒப்புக்கொண்ட திட்ட மதிப்பு. எந்த ஊரின் லேபுக்கும் அது சொந்தமில்லை. பூமி சுற்றுவதாலும், நடுவில் கொஞ்சம் உப்பியிருப்பதாலும் நிலநடுக்கோட்டின் பக்கம் ஜி குறைவு, துருவத்தின் பக்கம் அதிகம். சென்னையில் ஏறக்குறைய 9.783, கன்னியாகுமரியில் 9.781. லண்டனில் 9.81. ஆக தமிழ்நாட்டில் ஒரு பையன் 9.78 என்று எழுதி, பக்கத்தில் “பிழை” என்று காட்டி 9.81-க்கும் தன் விடைக்கும் வித்தியாசம் கணக்கிட்டால், ஊரையே தப்பு என்று சொல்கிறான்.

இதைக் கண்டுபிடித்ததே ஊசல்தான். 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்கு ஊசல் கடிகாரத்தோடு போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் போல பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குட்டையாக்கித்தான் சரிசெய்ய முடிந்தது.

நம் ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1821-ல் மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் இரண்டு வினாடியில் ஒரு முழு அலைவு ஆடுகிற ஊசலின் நீளத்தை அளந்தார். ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி கேட்டர் லண்டனில் செய்த அளவீட்டோடு வைத்துப் பார்ப்பதற்காக. அந்த நீளம் லண்டனில் 99.4 செ.மீ., சென்னையில் 99.1. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நம் லேப் ஸ்கேலில் அது மூன்று கோடு. நூல் முடிச்சு போடுகிற விதத்திலேயே நாம் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

ஊட்டியில எழுதறவங்களுக்கு வேற விடை வருமா?

வரும், ஆனால் உங்கள் வாட்சுக்குத் தெரியாது. 2,240 மீட்டர் உயரத்தில் ஜி குறைவது 0.007-க்கு உள்ளேதான். அடுத்த கேள்வி.

நீளம்னா எங்கிருந்து எங்க வரைக்கும்? நான் கொக்கி வரைக்கும்தான் அளந்தேன்.

மேலே கார்க் துண்டுகளுக்கு நடுவில் நூல் வெளிப்படும் இடத்தில் தொடங்கி, கீழே குண்டின் மையம் வரை. கொக்கியோடு நின்றால் கொக்கியின் உயரமும் குண்டின் ஆரமும் விட்டுப்போகும். வெர்னியர் அளவியை எதற்குக் கொடுத்தார்கள் என்று நினைத்தீர்கள்? விட்டம் 2 செ.மீ. என்றால் ஆரம் ஒன்று. அதைச் சேர்க்க வேண்டும். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைச் சேர்த்தவர்களும் வருடத்துக்கு நாலு பேர் உண்டு.

இந்தத் தப்புக்குத் தனி அடையாளம் இருக்கிறது. ஒரு செ.மீ. விட்டுப்போனால், 50 என்று நீங்கள் எழுதியது உண்மையில் 51. அந்த வரிசையில் ஜி 9.59 வரும். 100 என்று எழுதிய வரிசையில் 9.68 வரும். நீளம் கூடக் கூட விடை உண்மையை நெருங்கும். எண்ணிக்கைத் தப்பில் இப்படி இருக்காது, எல்லா வரிசையிலும் ஒரே விகிதத்தில் விலகும். இரண்டையும் பட்டியலைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

வரைபடம் போட்டவர்கள் இந்த இடத்தில் தப்பித்துவிடுவார்கள். டி ஸ்கொயருக்கு எதிரே நீளத்தை வரைந்தால் ஆரத்தை மறந்த கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் கொஞ்சம் விலகிப் போகும், சாய்வு மட்டும் அப்படியே இருக்கும். சாய்விலிருந்து எடுத்த ஜி சரியாகவே வரும். கிராஃப் ஷீட் எதற்கு, சும்மா மார்க்குக்கு என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் காட்டுவேன். அந்தத் தாளின் மீது எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

அவன் குண்டு பித்தளை, என்னுது இரும்பு. அதனாலயா?

இல்லை. நிறை சூத்திரத்திலேயே கிடையாது. பெரிய குண்டு என்றால் ஆரம் மாறும், அதை நீளத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ரொம்ப இழுத்து விட்டுட்டேன் சார், நல்லா ஆடட்டும்னு.

எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 10 டிகிரி இழுத்தால் ஜி 0.4 சதவீதம் குறைவாக வரும், கவலையில்லை. 20 டிகிரியில் 1.5 சதவீதம். 30 டிகிரிக்கு இழுத்துவிட்டால் 3 சதவீதத்துக்கு மேல், 9.78 என்பது 9.45-க்கு இறங்கும். ஒரு மீட்டர் ஊசலுக்குப் பத்து செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினாலே தாராளம், அது 6 டிகிரிதான்.

தள்ளிவிடாதீர்கள், விடுங்கள். தள்ளினால் குண்டு நீள்வட்டமாகச் சுழலத் தொடங்கும், நடுவே போட்ட சாக்பீஸ் கோட்டைக் கடக்கும் நொடி தெரியாது. ஓரத்தில் நிற்கும்போது எண்ணுகிறவர்களுக்கும் இதே சிக்கல். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்கும், எப்போது திரும்பியது என்று சொல்ல முடியாது. நடுவில்தான் அது வேகமாகக் கடக்கும், அங்கேதான் நொடி கூர்மையாக இருக்கும்.

எனக்கு சுருள்வில் வந்துச்சு. எனக்கு 9, அவளுக்கு 11. ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

முதலில் ஒரு கேள்வி: இரண்டு பேருக்கும் ஒரே சுருள்வில்லா? வேறு வேறு ஸ்டாண்டு என்றால் ஒப்பிடுவதற்கு எதுவுமே இல்லை. ஜி ஊருக்குப் பொது, சுருள்வில் மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற எண், அந்தந்தச் சுருளின் சொத்து. கடையில் ஒரே பெட்டியில் வாங்கியதே ஒன்றுபோல் இருக்காது, அதிலும் போன வருட மாணவர்கள் இழுத்து நீட்டிவிட்டுப் போன சுருள் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஒரே சுருள்தான் என்றாலும் 9-ம் 11-ம் வரலாம். இந்தச் சோதனையில் இரண்டு எடைகளை மாற்றி மாட்டி, அவற்றின் வித்தியாசத்தை ஃபோர் பை ஸ்கொயரால் பெருக்கி, இரண்டு டி ஸ்கொயரின் வித்தியாசத்தால் வகுக்கிறோம். தட்டின் நிறையும், சுருளின் சொந்த நிறையும் கழிந்துபோகட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் விலை உண்டு. 200 கிராமுக்கும் 300 கிராமுக்கும் 10 அலைவு நேரம் 8.89, 10.88 வினாடி என்று வையுங்கள். மாறிலி 10 நியூட்டன்/மீட்டர். ஒன்றில் 0.1 வினாடி கூடவும், மற்றதில் 0.1 குறைவாகவும் அழுத்தினால் டி ஸ்கொயரின் வித்தியாசம் 0.395-ல் இருந்து 0.355-க்குப் போய்விடும். மாறிலி 11.1 ஆகிவிடும். பிசகு எதிர்ப்பக்கம் போனால் 9.1. கட்டைவிரலின் அதே 0.1 வினாடிப் பிசகு, ஊசலின் ஜி-யில் அரை சதவீதம், இங்கே பத்து சதவீதம். அழுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

ரெண்டு பேருக்கும் ரீடிங் அப்படியே ஒண்ணா வந்திருக்கு. நல்லதுதானே?

எங்களுக்கு அதுதான் சந்தேகம். 40.18, 35.94, 31.13 என்று நூறில் ஒரு பங்கு வரை இரண்டு தாளில் ஒத்துப்போனால், தேர்வு நடத்துகிறவர் தலையை நிமிர்த்தி யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பார். ஒரே தாளில் ஐந்து வரிசையிலும் முயற்சி ஒன்றும் முயற்சி இரண்டும் அச்சடித்தது போல இருந்தாலும் அதே கதைதான். ஐந்து நீளத்துக்கும் ஜி 9.80, 9.80, 9.80 என்று வந்தால், விடையை முதலில் எழுதிவிட்டு நேரத்தைப் பின்னால் கணக்கிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த உழைப்புக்கு ஊசலை ஆட்டியே விட்டிருக்கலாம்.

9.62, 9.81, 9.74, 9.90, 9.77 என்று சிதறி, சராசரி 9.77 என்று இருக்கிற தாள் எனக்குப் பிடிக்கும். அதில் ஒரு பிள்ளை நிஜமாக நின்று எண்ணியிருக்கிறது. ரீடிங்கை அடித்துத் திருத்தியிருந்தாலும் பரவாயில்லை, ஒரே கோடு போட்டு அடியுங்கள், பழைய எண் தெரியட்டும். வொய்ட்னர் பூசிய இடத்தில்தான் கண் போய் நிற்கும்.

வைவால “இந்த ஊசலை நிலாவுக்குக் கொண்டுபோனா?”ன்னு கேட்டாங்க. நான் ஆடாதுன்னு சொல்லிட்டேன்.

ஆடும், மெதுவாக. நிலவில் ஜி 1.62. இங்கே 2 வினாடி எடுக்கிற ஒரு மீட்டர் ஊசல் அங்கே 4.9 வினாடி எடுக்கும். ஆடாமல் போவது கயிறு அறுந்து விழுகிற லிஃப்டுக்குள். நீங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டீர்கள்.

வீட்ல ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கலாமா? மனசு ஆறல.

தாராளமாக. பெரிய இரும்புச் சாவி வேண்டாம், அதன் மையம் எங்கே என்று தெரியாது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வந்த எலுமிச்சம்பழம் நன்றாகவே வேலை செய்யும். கோணி ஊசியால் நடுவே நூலைக் கோத்து, அடியில் முடிச்சு போட்டு, கதவு நிலையின் மேலே ஆணியில் கட்டுங்கள். ஆணியிலிருந்து பழத்தின் நடு வரை சரியாக ஒரு மீட்டர். கைபேசியின் ஸ்டாப் வாட்ச் போதும். பூஜ்யத்தில் தொடங்கி இருபது எண்ணினால் 40 வினாடியை ஒட்டி வரும். 38 வந்தால் யார் எண்ணினார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆரம்பிக்கும் முன் ஃபேனை அணைத்துவிடுங்கள்.